மேசைமீது ஒரு மலைப்பாதை



மேசைமீது ஓடும் சிறு இரயிலைக் கண்டதும், ‘இது பிள்ளைகளின் விளையாட்டு’ என்று எண்ணி நாம் கடந்து போய்விடுகிறோம். ஆனால், உண்மையில் இருந்து மறைந்த ஒரு பாதையை அளவு பிசகாமல் சிறிதாக்கிக் காட்ட விரும்புபவர் முதலில் வரலாற்று மாணவராக வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து மலைகளுக்கிடையே சில்வர்டன் என்னும் முன்னாள் சுரங்க நகரம் உள்ளது. 1882ஆம் ஆண்டு அங்கே, தண்டவாளங்களுக்கிடையே 3 அடி மட்டுமே அகலமுள்ள நேரோகேஜ் இரயில் வந்து சேர்ந்தது. அங்கிருந்து வெள்ளிச் சுரங்கங்களை நோக்கி ஒட்டோ மியர்ஸ் என்பவர் அமைத்த பாதை, 1888இல் ரெட் மவுண்டன் நகரை எட்டியது. 100 அடி தூரத்திற்கு 5 அடி வரை ஏற்றம்! ஓரிடத்தில் இரயில் வளைந்து திரும்பவே இடமில்லை. பொறியாளர் கிப்ஸ் பிரதான பாதையின் நடுவிலேயே எஞ்சினைத் திருப்பும் சுழல்மேடையை அமைத்தார். எஞ்சினைக் கழற்றித் திருப்பி அடுத்த தண்டவாளத்தில் நிறுத்தியபின், பெட்டிகளைச் சரிவில் உருட்டிவிட்டு அதனோடு இணைப்பார்கள்.

1893இல் அமெரிக்க அரசின் வெள்ளிக் கொள்முதல் சட்டம் நீக்கப்பட்டது. விலை சரிந்தது, சுரங்கங்கள் மூடப்பட்டன. 1920களில் தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன.

அப்படியாயின், இல்லாத பாதையை எவ்வாறு அறிவது? அந்தச் சுழல்மேடையைப் பற்றிக் கிப்ஸ் எழுதிய கட்டுரை 1890இல் பொறியாளர் சங்க ஏட்டில் வெளிவந்தது. தீக்காப்பீட்டிற்காக வரையப்பட்ட சான்பார்ன் வரைபடங்களில் செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பாகவும் மரக்கட்டடம் மஞ்சளாகவும் தீட்டப்பட்டிருக்கும். சுரங்கங்கள் எங்கே, எவ்வாறு இருந்தன என்பதை 1901ஆம் ஆண்டின் அரசு நிலவியல் அறிக்கை விவரிக்கிறது.

பழைய புகைப்படங்களும் உண்டு. ஆனால், எந்த ஆண்டில் எடுத்தது என்று அறியாமல் அவற்றை நம்பலாகாது. ரெட் மவுண்டன் நகரின் பெரும்பகுதி 1892இல் தீக்கிரையானது. அதற்கு முந்தைய படத்தைப் பார்த்து 1895ஆம் ஆண்டின் கடைத்தெருவை அமைத்தால், எரிந்துபோன கடைகள் மீண்டும் எழுந்து நிற்கும்! ஆகவே, ஒரே ஓர் ஆண்டைத் தேர்ந்துகொண்டு, அதற்குப் பொருந்தாதவற்றைத் தயங்காமல் விலக்கிவிட வேண்டும்.

அடுத்தது அளவு. 87இல் 1 பங்காகச் சுருக்கினால் 3 அடி அகலம் பத்தரை மில்லிமீட்டராகிவிடும். ஆனால், ஒரு மைல் தூரத்திற்கு அப்போதும் பதினெட்டரை மீட்டர் இடம் வேண்டும். எந்த வீட்டு அறையிலும் முழுப்பாதை அடங்காது. ஒரு சுரங்கம், ஒரு நிலையம், அந்தச் சுழல்மேடை என்று சிலவற்றை மட்டுமே அமைக்க முடியும். குறைத்துக் காட்டலாம்; திரித்துக் காட்டலாகாது. சான்று கிடைக்காத இடத்தை ஊகத்தால் நிரப்ப நேர்ந்தால், ‘இது ஊகம்’ என்று குறிப்பேட்டில் எழுதி வைப்பதே நேர்மை.

இதற்கு இத்தனை கண்டிப்பு எதற்கு என்கிறீர்களா? ஏட்டில் படித்ததைப் பிள்ளைகள் மறந்துவிடக்கூடும்; கண்ணால் கண்டதையோ அப்படியே நம்பிவிடுவார்கள். பனியிலும் பள்ளத்திலும் உழைத்து அப்பாதையை அமைத்தவர்கள் இன்று இல்லை. அவர்கள் இட்ட தண்டவாளமும் இல்லை. அவர்களைப் பற்றி நாம் காட்டும் சிறு மாதிரியேனும் பொய் சொல்லாதிருக்க வேண்டுமல்லவா?