தூண்டப்பட்ட பிரசவமும் வலி மருந்தில்லா இயற்கைப் பிரசவமும்

பிரசவத் தூண்டல் என்பது, வலி தானாகத் தொடங்குவதற்கு முன்பே மருந்தாலோ கருவியாலோ கருப்பையைச் சுருங்கச் செய்து, குழந்தை பிறக்க வழி செய்யும் மருத்துவ முறை ஆகும். பேச்சு வழக்கில் இதை 'வலி வர ஊசி போடுவது', 'ட்ரிப்ஸ் ஏற்றி வலி வரவைப்பது' என்பர். வலி தானாகத் தொடங்கி, வலியைக் குறைக்கும் மருந்து எதுவும் இல்லாமல் முடியும் பிரசவம் இயற்கைப் பிரசவம் எனப்படுகிறது. இவ்விரண்டும் எவ்வாறு நடைபெறுகின்றன, எப்போது எது தேவை, தமிழ்நாட்டுப் பெண்களின் அனுபவம் என்ன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. இது மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல.

சொற்களில் உள்ள குழப்பம்

நம் ஊர்களில் 'சுகப்பிரசவமா, ஆபரேஷனா?' என்றுதான் கேட்பார்கள். வயிற்றைக் கீறாமல் குழந்தை பிறந்தால் அது சுகப்பிரசவம். ஆனால் இந்த ஒரு சொல்லுக்குள் பல வகைப் பிரசவங்கள் அடங்கியுள்ளன. தெளிவாகப் புரிந்துகொள்ள மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

1. வலி எப்படித் தொடங்கியது? தானாகவா, தூண்டப்பட்டா?
2. வலியைக் குறைக்க மருந்து கொடுக்கப்பட்டதா?
3. குழந்தை எப்படிப் பிறந்தது? இயல்பான வழியிலா, ஆயுதம் போட்டா, அறுவை சிகிச்சையாலா?

தூண்டப்பட்ட பிரசவமும் மருந்தில்லாப் பிரசவமும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. வலியைத் தூண்டிவிட்டு, அதைக் குறைக்க எந்த மருந்தும் தராமல் நடக்கும் பிரசவங்கள் உண்டு. நம் நாட்டின் பொது மருத்துவமனைகளில் நெடுங்காலமாகப் பெரும்பாலும் இதுவே வழக்கம்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. தொடங்காத வலியைத் தொடங்க வைப்பது தூண்டல். தானாகத் தொடங்கிய வலி மெதுவாக இருக்கும்போது மருந்து கொடுத்து வேகப்படுத்துவது விரைவுபடுத்தல். இரண்டிலும் பெரும்பாலும் ஆக்சிடோசின் என்ற ஒரே மருந்தே பயன்படுவதால், மக்கள் இரண்டையும் 'வலி ஊசி' என்றே அழைக்கின்றனர்.

இயல்பாக வலி தொடங்குதல்

முதிர்ந்த குழந்தையும் நஞ்சுக்கொடியும் அனுப்பும் சைகைகளால் பிரசவம் தொடங்குகிறது. குழந்தையின் தலை கருப்பை வாயை அழுத்த, அந்த உணர்வு நரம்பு வழியே மூளையை எட்டுகிறது. பிட்யூட்டரி சுரப்பி ஆக்சிடோசினை வெளியிடுகிறது. கருப்பை சுருங்குகிறது, தலை மேலும் அழுத்துகிறது, மேலும் ஆக்சிடோசின் சுரக்கிறது. குழந்தை பிறக்கும் வரை இச்சுழற்சி வலுத்துக்கொண்டே போகும். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் பாடத்தில் மாணவர்கள் படிக்கும், கருவை வெளித்தள்ளும் அனிச்சைச் செயல் இதுவே.

இயற்கையில் ஆக்சிடோசின் விட்டுவிட்டுச் சுரக்கிறது. ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே தாய்க்கு ஓய்வு கிடைக்கிறது; அந்த இடைவெளியில்தான் குழந்தைக்கும் போதிய இரத்த ஓட்டம் செல்கிறது. உடலில் எண்டார்பின் என்ற வலி தணிக்கும் பொருளும் கூடவே சுரக்கிறது.

வலி மெய்யானதா பொய்யானதா என்று அறிய வீடுகளில் சீரகக் கஷாயம் கொடுப்பது பழைய வழக்கம். சூட்டு வலியானால் அடங்கிவிடும், பிரசவ வலியானால் கூடும் என்பது பெரியவர்களின் கணக்கு. மருத்துவர்கள் பார்ப்பது வேறு: மெய் வலி ஒழுங்கான இடைவெளியில் வந்து, இடைவெளி குறைந்துகொண்டே போகும், கருப்பை வாய் திறக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதலின்படி, வாய் 5 செ.மீ. திறந்த பிறகே பிரசவத்தின் தீவிர நிலை தொடங்குகிறது. அதிலிருந்து முழுமையாகத் திறக்கத் தலைப்பிரசவத்தில் 12 மணி நேரம் வரையும், அடுத்தடுத்த பிரசவங்களில் 10 மணி நேரம் வரையும் ஆகலாம். ஆகவே 'இன்னும் பிறக்கவில்லையே' என்ற அவசரம் மட்டுமே ஊசிக்குக் காரணமாகாது.

தூண்டும் முறைகள்

தூண்டுவதற்கு முன் கருப்பை வாய் எந்த அளவு கனிந்துள்ளது என்று பார்க்கின்றனர். இதற்கு அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் பிஷப் 1964இல் வகுத்த மதிப்பெண் முறை பயன்படுகிறது. வாயின் திறப்பு, மெலிவு, மென்மை, அமைந்துள்ள திசை, குழந்தையின் தலை இறங்கிய அளவு ஆகிய ஐந்தும் கணக்கிடப்படும். மொத்தம் 13இல் 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் தூண்டல் எளிதில் பலன் தரும். 6க்குக் கீழ் இருந்தால் முதலில் வாயைக் கனிய வைக்க வேண்டும்.

* புராஸ்டாகிளாண்டின் மருந்துகள்: டைனோபுராஸ்டோன் ஜெல் உள்ளே வைக்கப்படும், அல்லது மிசோபுராஸ்டால் வாய்வழி தரப்படும். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வாய்வழி அளவு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 25 மைக்ரோகிராம் மட்டுமே. கடையில் கிடைக்கும் மாத்திரை இதைவிடப் பல மடங்கு வலுவாக இருக்கலாம் என்பதால் தாமாக வாங்கிப் போட்டுக்கொள்வது உயிருக்கு ஆபத்து.
* பலூன் குழாய்: சிறுநீருக்குப் பயன்படும் ஃபோலி குழாயைக் கருப்பை வாயில் செலுத்தி, அதன் பலூனில் நீர் நிரப்பி வாயைத் திறக்க வைப்பது.
* பனிக்குடத்தை உடைத்தல்.
* ஆக்சிடோசின் ட்ரிப்ஸ்: பிட்யூட்டரிச் சாறு கருப்பையைச் சுருக்கும் என்று 1906இல் ஹென்றி டேல் கண்டறிந்தார். 1953இல் வின்சென்ட் டு விக்னோ இதைச் செயற்கையாகத் தயாரித்து, 1955இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். மாடு பால் சுரக்கச் சிலர் சட்டத்துக்குப் புறம்பாகப் போடும் ஊசியும் இதே மருந்துதான்.

எப்போது தேவை?

நாள் கடந்த கர்ப்பம் முதன்மையான காரணம். 41 வாரம் நிறைவடைந்தது உறுதியாகத் தெரிந்தால் தூண்டலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாள் கடந்தால் நஞ்சுக்கொடியின் செயல் குறைந்து, குழந்தை வயிற்றிலேயே இறக்கும் வாய்ப்பு கூடுகிறது. 21,000க்கு மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற 34 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு இதை உறுதி செய்கிறது. அதில் தூண்டப்பட்ட பிரிவில் 4 குழந்தைகளும், காத்திருந்த பிரிவில் 25 குழந்தைகளும் இறந்தன.

கர்ப்ப கால உயர் இரத்த அழுத்தம், பனிக்குடம் உடைந்தும் வலி வராமை, கட்டுக்குள் வராத சர்க்கரை நோய், குழந்தையின் வளர்ச்சிக் குறைவு ஆகியவை பிற காரணங்கள். முன்பு அறுவை சிகிச்சையால் பிரசவித்த பெண்ணுக்கு மிசோபுராஸ்டால் தருவதில்லை. பழைய தையல் பிரிந்து கருப்பை கிழியக்கூடும்.

வாரக் கணக்கு சரியாக இருப்பது மிக முக்கியம். பேறு நாள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள் என்று கணக்கிடப்படுகிறது. அந்தத் தேதி தவறினால் 39 வாரக் கர்ப்பத்தை 41 வாரம் என்று நினைத்துத் தூண்டிவிட நேரும். முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேனே தேதிக்கு நம்பகமான சான்று. அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

வலியில் என்ன வேறுபாடு?

இயல்பான வலி மெல்லத் தொடங்கிப் படிப்படியாகக் கூடுகிறது. தாய் அதற்குப் பழகிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. ட்ரிப்ஸ் மருந்து இடைவிடாமல் இரத்தத்தில் கலப்பதால், வலி குறுகிய நேரத்தில் கடுமையாகி, அடுத்தடுத்து வருவதாகப் பெண்கள் கூறுகின்றனர். நரம்பில் ஏற்றும் ஆக்சிடோசின் மூளைக்குள் எளிதில் செல்வதில்லை. ஊசியும் கண்காணிப்புக் கருவியும் இருப்பதால் எழுந்து நடப்பதும் குறைகிறது. படுத்தே கிடந்தால் வலி கூடுதலாகத் தெரியும்.

மருந்தின் அளவு மிகுந்தால், பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேற்பட்ட சுருக்கங்கள் ஏற்படலாம். அப்போது குழந்தைக்கு ஆக்சிஜன் குறையும். எனவே ட்ரிப்ஸ் ஓடும் நேரம் முழுவதும் குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனிக்க வேண்டும். சிக்கல் தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

'தூண்டினால் கடைசியில் ஆபரேஷன்தான்' என்ற அச்சம் பரவலாக உள்ளது. 2018இல் அமெரிக்காவில் வெளியான அரைவ் ஆய்வில், ஆபத்தில்லாத தலைப்பிரசவப் பெண்கள் 6,106 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். 39ஆம் வாரத்தில் தூண்டப்பட்டவர்களில் 18.6 விழுக்காட்டினருக்கும், காத்திருந்தவர்களில் 22.2 விழுக்காட்டினருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. ஆகவே தூண்டலே அறுவைக்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அது நல்ல கண்காணிப்பும் போதிய பணியாளர்களும் உள்ள மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு. கனியாத கருப்பை வாயில் பொறுமையின்றித் தூண்டி, விரைவில் 'பலன் இல்லை' என்று முடிவு கட்டினால் நிலைமை வேறாகும்.

தமிழ்நாட்டு அனுபவம்

இப்பொருள் பற்றிய முக்கியமான ஆய்வு ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்தது. அமெரிக்க மானிடவியலாளர் செசிலியா வான் ஹாலன், 1990களில் சென்னையிலும் அதைச் சுற்றிய பகுதியிலும் ஏழைப் பெண்களிடையே தங்கி ஆராய்ந்தார். அவரது 'பர்த் ஆன் தி த்ரெஷோல்ட்' என்ற நூல் 2003இல் வெளிவந்தது. அரசு மருத்துவமனைகளில் வலியைக் கூட்டும் மருந்து வழக்கமாகத் தரப்பட்டதையும், வலியைக் குறைக்கும் மருந்து அரிதாகவே தரப்பட்டதையும் அவர் பதிவு செய்தார். மேலை நாடுகளில் மருத்துவம் வலியை நீக்குகிறது என்று பெண்ணியவாதிகள் விவாதித்துக்கொண்டிருந்தபோது, இங்கே மருத்துவம் வலியை மிகுவித்துக்கொண்டிருந்தது.

வியப்பு என்னவென்றால், பல பெண்கள் அந்த ஊசியை விரும்பினர். 'வலி' என்ற தமிழ்ச் சொல்லுக்கு நோவு என்றும் வலிமை என்றும் இரு பொருள் உண்டு. வலியைத் தாங்குவது பெண்ணின் சக்தியைக் கூட்டும் என்ற எண்ணம் அதனோடு இணைந்திருந்தது. அந்தக் காலத்துப் பெண்கள் உழைத்ததால் வலி தானாக வந்தது, இப்போது ஊசி போட்டால்தான் வருகிறது என்ற பேச்சும் இருந்தது. படுக்கைப் பற்றாக்குறையும் கூட்டமும் பிரசவத்தை விரைந்து முடிக்கும் அவசரத்தை மருத்துவமனைகளுக்கு உண்டாக்கின. பெண்ணின் பொறுமையைப் போற்றும் பண்பாடும், மருத்துவமனையின் அவசரமும் ஓரிடத்தில் சேர்ந்தபோது, வலி குறைக்கும் மருந்தைக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தோன்றாமல் போனது.

இன்று நிலை பெரிதும் மாறியுள்ளது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. தாய் இறப்பு விகிதம் 2018–20இல் ஒரு லட்சம் பிறப்புக்கு 54. இந்திய அளவில் 97. இது பெரும் சாதனை. அதே கணக்கெடுப்பில் அறுவை சிகிச்சைப் பிரசவம் 44.9 விழுக்காடு, தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36.0. முன்பு கேள்வி 'ஊசியா, தானாகவா?' என்பதாக இருந்தது. இப்போது வலி தொடங்கவே விடாமல் அறுவைக்குப் போவதும் சேர்ந்துகொண்டது.

மருந்தில்லாமல் வலியைத் தாங்க உதவுபவை

இங்கிலாந்து மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1933இல் இயற்கைப் பிரசவம் பற்றி நூல் எழுதினார். அச்சம் உடலை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, வலி அச்சத்தை வளர்க்கிறது என்பது அவர் கருத்து. 1950களில் பிரான்சின் ஃபெர்னாண்ட் லமாஸ் மூச்சுப் பயிற்சி முறையைப் பரப்பினார்.

ஆய்வுகளில் மிகத் தெளிவான பலன் காட்டியது உடனிருக்கும் துணையே. இடைவிடாத துணை கிடைத்த பெண்களுக்குப் பிரசவ நேரம் குறைந்தது. இயல்பான பிரசவம் கூடியது. அறுவை சிகிச்சை குறைந்தது. தமிழ்நாடு அரசு 2004இலேயே பிரசவ அறையில் உறவினர் ஒருவர் உடனிருக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. இதைக் கேட்டுப் பெறலாம். எழுந்து நடப்பது, பக்கவாட்டில் படுப்பது, இடுப்பில் வெந்நீர் ஒத்தடம், முதுகைத் தேய்த்துவிடுவது, இடையிடையே கஞ்சியோ இளநீரோ குடிப்பது ஆகியவையும் உதவும். இவற்றில் பல நம் மருத்துவச்சிகள் அறிந்தவையே.

தாங்க முடியாத வலிக்கு மருந்து கேட்பது பலவீனம் அன்று. முதுகுத் தண்டில் தரும் எபிடியூரல், வாயு முகர்தல் போன்றவை கிடைக்குமிடத்தில் கேட்கலாம்.

இயற்கைப் பிரசவம் என்பது வீட்டில் தனியே பெறுவது என்று பொருள் கொள்ளக் கூடாது. 2018 ஜூலையில் திருப்பூரில், காணொளி பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் இளம் தாய் ஒருவர் இரத்தப்போக்கால் இறந்தார். குழந்தை பிறந்த பின் வரும் இரத்தப்போக்கு சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கக்கூடியது. அதைத் தடுக்க எல்லாத் தாய்மார்களுக்கும் போடப்படும் ஊசியும் ஆக்சிடோசின்தான். இயற்கையாகப் பிரசவித்தவரும் அதை மறுக்கக் கூடாது.

வானூர், மரக்காணம் பகுதி

விழுப்புரம் மாவட்டத்தின் இக்கடலோரத்தில் உப்பளம், மீன்பிடி, விவசாயம் ஆகியவையே தொழில். உப்பு வாரும் காலம் கடும் வெயில் காலம். வெப்பத்தில் உடல் நீர் குறைந்தால் கருப்பை அடிக்கடி இறுகிப் பொய் வலி வரக்கூடும். உப்பளம், செங்கல் சூளை, வயல் போன்ற இடங்களில் வேலை செய்யும் பெண்களையும் சேர்த்துச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வு 2024இல் வெளியானது. கடும் வெப்பத்தில் வேலை செய்தோருக்குக் கருச்சிதைவு ஆபத்து ஏறத்தாழ இருமடங்கு என்று அது கண்டது.

இப்பகுதியில் தூரமும் ஒரு மருத்துவக் காரணம் ஆகிறது. இயல்பான பிரசவத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியரே பார்க்கலாம். ஆனால் தூண்டலை, இயன்றவரை அறுவை சிகிச்சை வசதி உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும் என்பது விதி. ஆகவே நாள் கடந்தவர்களும் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ அனுப்பப்படுகின்றனர். அங்கே போகச் சொன்னால் வலி வரட்டும் என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது. 108 ஆம்புலன்ஸ் இலவசம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

தூண்டல் பரிந்துரைக்கப்பட்டால் மருத்துவரிடம் இவற்றைக் கேட்கலாம்.

* என்ன காரணத்துக்காகத் தூண்டுகிறீர்கள்?
* எனக்கு எத்தனை வாரம்? எந்த ஸ்கேனை வைத்துக் கணக்கிட்டீர்கள்?
* கருப்பை வாய் கனிந்துள்ளதா? எந்த முறையில் தொடங்குவீர்கள்?
* இரண்டு நாள் காத்திருந்தால் எனக்கும் குழந்தைக்கும் என்ன ஆபத்து?
* வலி தாங்காவிட்டால் என்ன மருந்து கிடைக்கும்?
* உடன் யார் இருக்கலாம்?

குழந்தையின் அசைவு குறைதல், இரத்தப்போக்கு, பச்சை நிறத்தில் பனிக்குட நீர், கடும் தலைவலி, கண் மங்கல், வலிப்பு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் கேள்விகளுக்கு நேரமில்லை. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மற்ற நேரங்களில் காரணம் கேட்டுத் தெரிந்துகொள்வது தாயின் உரிமை. தக்க காரணம் உள்ள தூண்டல் உயிரைக் காக்கிறது. காரணமில்லாத தூண்டல் தேவையற்ற வலியையே தருகிறது.