தங்கம் தீர்ந்த ஊரில் எஞ்சியவர்கள்

திருவண்ணாமலையில் பெங்களூரு பேருந்து ஏறுபவர்களில் சித்தாள், கொத்தனார் வேலைக்குப் போகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். இந்தப் பயணம் புதிதல்ல. தாது வருஷப் பஞ்சத்தின் வடு ஆறும் முன்பே, வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து கோலார் தங்கவயலை நோக்கி நடை தொடங்கிவிட்டது. 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமானதே அந்த வட ஆற்காட்டிலிருந்து பிரிந்துதான்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் வந்தது. பெங்களூருக்குக்கூட அதன் பிறகுதான் கிடைத்தது. துரைமார்களுக்குப் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். தோண்டியவர்களுக்கு மூங்கில் தட்டி வீடு.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். மேலிருந்து அழுத்தும் பாறை திடீரென வெடித்துச் சிதறும். அதில் தப்பியவர்களின் நுரையீரலில் சிலிக்கா தூசி படிந்தது. இப்படி 120 ஆண்டுகளில் வெளியே வந்த தங்கம் சுமார் 800 டன். அதில் ஒரு குண்டுமணிகூட ஒளித்துக் கொண்டுபோகாமலிருக்க, ஷிஃப்ட் முடிந்து வருபவரின் உடம்பைத் தடவிச் சோதித்தார்கள். எனக்கு இதுதான் ஆறாத கோபம்.

ஆனால் அந்த மக்கள் வெறும் கூலிகளாக இருந்துவிடவில்லை. தங்கவயலின் மாரிகுப்பத்தில் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்தம் வேரூன்றியது. 1930இல், கைரேகை பதியச் சொன்னதை எதிர்த்து வேலையை நிறுத்தினார்கள்.

சுரங்கங்கள் 1956இல் அரசுடைமையாயின. தாது மெலிந்தது, செலவு ஏறியது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள்.

அதற்குப் பிறகு 'பேய் நகரம்' என்று எழுதுகிறார்கள். துருப்பிடித்த ஷாஃப்ட் கோபுரங்களையும் சயனைடு கழிவு மேடுகளையும் மட்டும் படமெடுத்தால் அப்படித்தான் தோன்றும். காற்றடிக்கும் நாளில் அந்த மேட்டுப் புழுதி எந்த வீட்டுச் சோற்றில் விழுகிறது என்று பார்த்தால், ஊரில் ஆளிருப்பது தெரியும். லைன் வீடுகளில் நான்காம், ஐந்தாம் தலைமுறைத் தமிழர்கள் வாழ்கிறார்கள். பூர்வீக ஊரில் பலருக்கும் காணி கிடையாது; திரும்பிப் போக இடமில்லை.

விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயில் நிறைந்துவிடுகிறது. தாத்தா பாதாளத்துக்கு இறங்கினார். பேரன் பெங்களூருக்கு ஏறுகிறான். இரவில் அதே ரயிலில் தங்கவயலுக்குத்தான் திரும்புகிறான்.