போயிங், ஏர்பஸ் நடுவே ஒரு எம்ப்ரேயர்... பங்கு வாங்கும் முன் இதைப் படிச்சிடுங்க!

விமான டிக்கெட் புக் பண்ணும்போது நேரம் பார்ப்போம், விலை பார்ப்போம், லக்கேஜ் எத்தனை கிலோ என்று பார்ப்போம். அந்த விமானத்தைச் செய்தது யார் என்று பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தாலும் பெரும்பாலும் இரண்டே பெயர்கள்தான்... ஏர்பஸ், இல்லையென்றால் போயிங்.

2024-ல் ஏர்பஸ் 766 வர்த்தக விமானங்களை டெலிவரி செய்தது. பல சிக்கல்களில் மாட்டியிருந்த போயிங் 348. அதே ஆண்டில் பிரேசிலின் எம்ப்ரேயர் கொடுத்தது வெறும் 73. ஆனால், இந்த மூன்றாவது கம்பெனியின் பங்கு, கொரோனா காலத்தில் நியூயார்க் சந்தையில் 10 டாலருக்கும் கீழே கிடந்தது. 2024 முடியும்போது 30 டாலரைத் தாண்டிவிட்டது.

"அட, நாமளும் கொஞ்சம் வாங்கிப் போடலாமா?" என்று தோன்றுகிறதா? பொறுங்க. இதே துறையில் இன்னொரு கம்பெனியின் கதையும் இருக்கு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு புரியும்.

மினி பஸ் ரூட்!

எம்ப்ரேயர், 1969-ல் பிரேசில் அரசு தொடங்கிய நிறுவனம். 1994-ல் தனியார் கைக்குப் போனது. போயிங் 737, ஏர்பஸ் ஏ320 மாதிரி பெரிய விமானங்களோடு அது நேருக்கு நேர் மோதவில்லை. பெரிய பஸ்ஸுக்குக் கூட்டம் சேராத ரூட்டில் மினி பஸ் விடுகிற மாதிரி, சுமார் 70 முதல் 146 சீட் வரையிலான விமானங்களில் கவனம் வைத்தது. எல்லா ஊரிலிருந்தும் தினமும் 180 பேர் கிளம்ப மாட்டாங்க, இல்லையா?

அமெரிக்காவில் இன்னொரு வசதியும் கிடைத்தது. அங்கே பெரிய ஏர்லைன்ஸ்களுக்கும் பைலட் சங்கங்களுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் உண்டு. பெரிய ஏர்லைன்ஸுக்காகப் பறக்கும் துணை நிறுவனங்கள் 76 சீட்டுக்கு மேலோ, சுமார் 39 டன்னுக்கு மேலோ உள்ள விமானங்களைப் பொதுவாக ஓட்டக் கூடாது. எம்ப்ரேயரின் இ175 இந்த அளவுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால், அதன் புதிய மாடல் எடை கூடியதால் அதே விதியில் சிக்கி நிற்கிறது. சோறு போட்ட விதியே கதவையும் அடைத்துவிட்டது!

நமக்கும் எம்ப்ரேயர் புதுசு இல்லை. ஸ்டார் ஏர் நிறுவனம் இந்தியாவில் இ175 விமானங்களை இயக்குகிறது. நம் விமானப்படையின் 'நேத்ரா' ரேடார் விமானமும் எம்ப்ரேயர் விமானத்தின் மேல் உருவாக்கப்பட்டதுதான்.

விமானம் ஜெயிச்சது... கம்பெனி?

இப்போ அந்த இன்னொரு கதை. கனடாவின் பாம்பார்டியர், சி சீரிஸ் என்ற அருமையான விமானத்தை உருவாக்கியது. 100 முதல் 150 சீட் வரை. அதாவது, பெரியவர்களின் வாசலிலேயே கடை போட்டது. 2016-ல் டெல்டா ஏர்லைன்ஸ் 75 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. 'அரசு மானியத்தில் அடிமாட்டு விலைக்கு விற்கிறார்கள்' என்று போயிங் புகார் செய்ய, கிட்டத்தட்ட 300% வரி விதிக்க அமெரிக்க வர்த்தகத்துறை முடிவெடுத்தது. 2018 ஜனவரியில் தீர்ப்பு பாம்பார்டியர் பக்கமே வந்தது. ஆனால், அதற்குள் கம்பெனி பணத்துக்குத் திணறிப்போயிருந்தது. திட்டத்தின் பெரும்பான்மைப் பங்கு, ரொக்கம் ஏதும் பெரிதாகக் கைமாறாமலேயே ஏர்பஸ் வசம் போனது. இன்று அதுதான் ஏ220.

விமானம் ஜெயித்தது. ஆனால், அந்த வெற்றியின் பலன் அதைப் பெற்று வளர்த்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. புது விமானம் என்றால், பல வருடங்களுக்குப் பணம் வெளியே போய்க்கொண்டே இருக்கும். பெரிய நிறுவனங்கள் தாங்கும். சின்ன நிறுவனத்துக்கு மூச்சு முட்டும்.

எம்ப்ரேயரும் இந்த விளிம்புவரை போய் வந்ததுதான். அதன் பயணிகள் விமானப் பிரிவில் 80 சதவிகிதத்தை 4.2 பில்லியன் டாலருக்கு வாங்கவிருந்த போயிங், 2020 ஏப்ரலில் கையை விரித்தது. நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு நின்றுபோன சம்பந்தம் மாதிரி! அதுவும் கொரோனா நேரத்தில். பிறகு 2024-ல் 150 மில்லியன் டாலர் இழப்பீடு கிடைத்தது.

அது மீண்டதற்கு ஒரு காரணம், ஒரே தொழிலை நம்பி இருக்காதது. 2024-ல் கொடுத்த 206 விமானங்களில் 130 பிசினஸ் ஜெட்கள். சி-390 என்ற ராணுவப் போக்குவரத்து விமானத்தை போர்ச்சுகல், ஹங்கேரி, நெதர்லாந்து போன்ற நாடுகள் தேர்ந்தெடுத்திருக்கின்றன.

கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. ஆர்டரா, டெலிவரியா? 2024 கடைசியில் எம்ப்ரேயர் கையில் 26.3 பில்லியன் டாலர் ஆர்டர் இருந்தது. ஆனால், ஆர்டர் என்பது வருமானம் இல்லை. பெரும்பகுதிப் பணம் விமானத்தைக் கொடுக்கும்போதுதான் வரும்.

2. இன்ஜின் யாருடையது? புதிய இ2 வரிசைக்கு இன்ஜின் தருவது பிராட் அண்ட் விட்னி. அங்கே கோளாறு வந்தால், இங்கே விமானம் தரையில் நிற்கும்.

3. அரசியல் என்ன சொல்லுது? பிரேசில் அரசிடம் முக்கிய முடிவுகளைத் தடுக்கும் சிறப்புப் பங்கு இருக்கிறது. 2025 ஜூலையில் பிரேசில் பொருள்களுக்கு 50% வரி என்று அமெரிக்கா அறிவித்ததும் பங்கு விலை சரிந்தது. மாதக் கடைசியில் விமானங்களுக்கு விலக்கு கிடைத்து, வரி 10 சதவிகிதத்தோடு நின்றதும் விலை ஏறியது.

4. அடுத்து என்ன? 'போயிங்குக்குப் போட்டியாகப் பெரிய விமானம்' என்று என்றைக்காவது அறிவிப்பு வந்தால், கைதட்டும் முன், அதற்குப் பணம் எங்கிருந்து வரும், யார் கூட்டாளி என்று பாருங்கள். பாம்பார்டியர் சறுக்கியது அங்கேதான்.

இங்கிருந்து வாங்குவது எப்படி?

இது இந்தியச் சந்தையில் கிடைக்காது. ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ் திட்டப்படி, ஒருவர் நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். வங்கிக் கட்டணம், டாலர் மாற்றுச் செலவு எல்லாம் உண்டு. ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும், வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து பகுதியில் காட்டியே ஆக வேண்டும். மறந்தால் அபராதம் வர வாய்ப்பு உண்டு. ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

சின்னவன் பெரியவனை ஜெயிக்கும் கதை யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால், பங்கு வாங்கும்போது கேட்க வேண்டியது 'ஜெயிப்பானா?' என்பது மட்டுமில்லை. 'ஜெயிக்கும்வரை கையில் காசு இருக்குமா?' என்பதையும்தான்!