காற்று பிய்த்த கூரைக்குக் காப்பீடு கிடைக்குமா?

2020 ஜூன் 3 அன்று நிசர்கா புயல் அலிபாக் அருகே கரை கடந்தபோது காற்றின் வேகம் மணிக்கு 110 முதல் 120 கிலோமீட்டர். அங்கிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் உள்ளே, மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் புணே மாவட்டத்திலும் மரங்கள் சாய்ந்தன, தகரக் கூரைகள் பறந்தன. ஹவேலி தாலுகாவில் வீட்டுக் கூரைத் தகரத்தைக் காப்பாற்ற முயன்ற ஒருவர் உயிரிழந்தார்.

பெயர் வைத்த புயல்தான் வர வேண்டும் என்றில்லை. ஏப்ரல், மே மாதங்களில் பகலெல்லாம் வெயில் காய்ந்து, மாலையில் இடியோடு வரும் கோடை மழைக்காற்றே புணேயில் போதுமான சேதம் செய்கிறது. 2023 ஏப்ரல் 17 மாலை, பிம்ப்ரி சிஞ்ச்வட்டின் கிவளே பகுதியில் ராட்சத விளம்பரப் பலகை சரிந்து ஐந்து பேர் இறந்ததும் இப்படியொரு காற்றில்தான்.

முளா ஆற்றங்கரையில், பழைய மும்பை–புணே சாலையை ஒட்டி இருக்கிறது போபோடி. பக்கத்திலேயே கட்கி கண்டோன்மென்ட். 1869 முதல் இயங்கும் வெடிமருந்துத் தொழிற்சாலை. அந்த வேலைகளுக்காக வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இந்த வட்டாரத்தில் வாழ்கின்றன. பிரிட்டிஷ் காலத்துக் கல் தேவாலயங்களும் இங்கே உண்டு. நெருக்கமான குடியிருப்புகளுக்கு நடுவே ஷீட் போட்ட ஜெபக்கூடங்களும் உண்டு. பெருங்காற்று அடித்த மறுநாள் எந்தச் சபையிலும் எழும் கேள்வி ஒன்றுதான்: இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, பணம் வருமா? அதற்கான பதில் பெரும்பாலும் காற்று வருவதற்கு முன்பே, பாலிசியின் அட்டவணைப் பக்கத்தில் எழுதப்பட்டுவிடுகிறது.

கூரை ஏன் பறக்கிறது?

காற்று கூரையைத் தள்ளுவதைவிட மேல்நோக்கி உறிஞ்சுவதே அதிகம். கூரையின் மேல் காற்று வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. ஜன்னலோ கதவோ திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் தூக்குகிறது. ஓரங்களிலும் முகட்டிலும் இந்த இழுவை மிக அதிகம். அதனால்தான் முதலில் கிளம்புவது பெரும்பாலும் ஓரத்து ஷீட்.

கட்டடங்கள் தாங்க வேண்டிய காற்றுச் சுமையைச் சொல்லும் இந்தியத் தரநிலை ஐஎஸ் 875, மூன்றாம் பகுதி. அது புணேக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். சென்னைக்கு 50 மீட்டர். 39 மீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 90 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் தரும். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றே சுமார் 17 கிலோ தரும். அரை மில்லிமீட்டர் தகர ஷீட்டின் எடையோ சதுர மீட்டருக்கு நான்கைந்து கிலோதான். ஆக, கூரையைப் பிடித்து வைத்திருப்பது அதன் எடை அல்ல, ஷீட்டை இரும்புச் சட்டத்தோடு இணைக்கும் ஜே போல்ட்டும் திருகும்தான். அவை துருப்பிடித்திருந்தால் சாதாரணக் காற்றே போதும்.

காப்பீட்டு நிறுவனம் கைவைக்கும் இடமும் இதுதான். ‘புயலால் போனதா, பராமரிப்பு இல்லாமல் போனதா?’ நாட்பட்ட தேய்மானத்துக்குப் பாலிசியில் இடமில்லை. போல்ட் மாற்றிய ரசீது, ஆண்டுக்கொருமுறை கூரையை எடுத்த தேதியிட்ட படங்கள் ஆகிய இரண்டும் கோப்பில் இருந்தால் அந்த வாதம் அங்கேயே நிற்கும்.

பாலிசியில் என்ன இருக்க வேண்டும்?

கட்டடத்துக்கு எடுக்கப்படுவது தீக் காப்பீடு. பழைய ஸ்டாண்டர்ட் பாலிசியில் புயல், சூறாவளி, வெள்ளம் எல்லாம் ஒரே தொகுதியாகச் சேர்ந்திருக்கும். பிரீமியத்தைக் குறைக்க அந்தத் தொகுதியை நீக்கிவிடவும் வழி உண்டு. சில நூறு ரூபாய் மிச்சம் என்று யாராவது அன்று நீக்கியிருந்தால் காற்றுச் சேதத்துக்கு ஒரு பைசாவும் வராது. அட்டவணையில் முதலில் பார்க்க வேண்டியது இதை.

2021 ஏப்ரல் 1 முதல், ஒரே இடத்தில் உள்ள சொத்தின் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய் வரை இருந்தால் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா, அதற்கு மேல் 50 கோடி வரை பாரத் லகு உத்யம் சுரக்ஷா என்ற புதிய வடிவங்கள் வந்தன. உங்கள் சபைக்கு எழுதப்பட்டது பழையதா புதியதா என்பதைப் பொறுத்து நிபந்தனைகள் மாறும். மரம் விழுந்த சேதம் ஓர் உதாரணம். பழைய பாலிசியில் மோதல் சேதம் என்றால் வாகனமும் விலங்கும் மட்டுமே; மரத்தைச் சாய்த்தது புயல் என்று காட்டினால்தான் பணம். புதிய வடிவத்தில் மரம் விழுவதே தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

அடுத்தது பெயர். பாலிசியில் உள்ள பெயருக்கும் சொத்து இருக்கும் பெயருக்கும் தொடர்பு இருக்க வேண்டும். பல தேவாலயங்களின் நிலமும் கட்டடமும் திருமண்டலத்தின் அல்லது மறைமாவட்டத்தின் அறக்கட்டளைப் பெயரில் இருக்கும்; பிரீமியம் கட்டுவது உள்ளூர்ச் சபையாக இருக்கும். இருவர் பெயரும் பாலிசியில் இருப்பது நல்லது. வேறொரு சபையின் ஆலயத்தில் வாடகைக்குத் தமிழ் ஆராதனை நடத்துவோர் கட்டடத்தைக் காப்பீடு செய்யத் தேவையில்லை. தங்கள் கீபோர்டு, ஒலிபெருக்கி, பெஞ்சுகளுக்கு மட்டும் எடுத்தால் போதும்.

பூட்டிக் கிடந்த கட்டடம் பற்றிய விதியும் உண்டு. பழைய பாலிசியில், கட்டடம் 30 நாளுக்கு மேல் புழக்கம் இல்லாமல் இருந்தால், முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் பெறாதவரை காப்பீடு நின்றுவிடும். நிசர்கா வந்த நாளில் மகாராஷ்டிரத்தில் கொரோனா ஊரடங்கால் வழிபாட்டுத் தலங்கள் இரண்டு மாதத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தன. அவை மீண்டும் திறந்தது 2020 நவம்பர் 16 அன்றுதான். புதுப்பிப்பு வேலைக்காக ஆலயத்தை மாதக்கணக்கில் மூடும் சபைகளும் இந்த விதியை நினைவில் வைக்க வேண்டும்.

பாதிக் காப்பீடு, பாதிப் பணம்

அதிகம் பேர் ஏமாறும் இடம் காப்பீட்டுத் தொகை. ஆலயத்தை இன்று திரும்பக் கட்ட 80 லட்சம் ஆகும்; பத்து வருடத்துக்கு முன் போட்ட 40 லட்சத்திலேயே பாலிசி புதுப்பிக்கப்பட்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் 6 லட்சம் சேதம். 40 லட்சத்துக்குள்தானே இருக்கிறது, முழுதாக வரும் என்று கமிட்டி நினைக்கும். வராது. மதிப்பில் பாதிக்குத்தான் காப்பீடு என்பதால் சேதத்திலும் பாதி, 3 லட்சம்தான் கணக்கு. இயற்கைச் சீற்றத்துக்குப் பழைய பாலிசி க்ளெய்மில் 5 சதவீதம், குறைந்தது 10,000 ரூபாய் பிடிக்கும். அதில் 15,000 போனால் கைக்கு வருவது 2 லட்சத்து 85 ஆயிரம்.

புதிய வடிவங்களில் 15 சதவீதம் வரையிலான குறைவு கணக்கில் எடுக்கப்படாது. அதே ஆலயம் 70 லட்சத்துக்குக் காப்பீடு செய்யப்பட்டிருந்தால் குறைவு 12.5 சதவீதமே, வெட்டு விழாது. நிலத்தின் விலையை இதில் சேர்க்க வேண்டாம், காற்று நிலத்தைக் கொண்டுபோவதில்லை. கட்டுமானச் செலவை மட்டும் ஒரு பொறியாளரிடம் மதிப்பிட்டு வாங்கி, ‘மறுகட்டுமான மதிப்பு’ அடிப்படையில் எடுக்க வேண்டும். சந்தை மதிப்பில் எடுத்தால் கட்டடத்தின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழிக்கப்படும்; பழைய ஆலயங்களுக்கு அது பெரிய அடி.

கலைப்பொருள்கள், கையெழுத்துப் பிரதிகள் ஆகியவை தனியே குறிப்பிட்டால்தான் உரிய மதிப்பு கிடைக்கும். பழைய வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருந்தால் அதையும் பெயர் சொல்லி எழுதுவது நல்லது. ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளை எந்தப் பணமும் திருப்பித் தராது; அவற்றை ஸ்கேன் செய்து வைப்பதே காப்பீடு. உங்கள் ஷீட் பறந்து பக்கத்து வீட்டுக்காரர் தலையில் விழுந்தால் தீக் காப்பீடு உதவாது. அதற்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு தனியாக வேண்டும். போபோடி போன்ற நெருக்கமான இடத்தில் அது ஆடம்பரம் இல்லை.

காற்று அடித்த மறுநாள்

முதல் வேலை மின்சாரத்தை நிறுத்துவது. இளைஞர்களை உடனே கூரையில் ஏற்ற வேண்டாம். ஒரு துண்டைக்கூட நகர்த்துமுன் நான்கு திசையிலிருந்தும் படமும் வீடியோவும் எடுங்கள்.

அன்றைக்கே நிறுவனத்துக்குப் போனிலும் மின்னஞ்சலிலும் தெரிவித்து, க்ளெய்ம் எண்ணை வாங்கி வையுங்கள். முகவரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது கணக்கில் வராது. பொருள்வாரியான எழுத்துக் கோரிக்கை, பழைய பாலிசியின்படி 15 நாளுக்குள் போக வேண்டும். நியாயமான தாமதத்தைக் காரணம் காட்டி மட்டுமே உண்மையான க்ளெய்மை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே சொல்லியிருக்கிறது; அதை நம்பித் தாமதிக்க வேண்டாம்.

மழை உள்ளே வராமல் தார்ப்பாய் போடுவது சபையின் கடமை, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பார்க்கும்வரை முழு ரிப்பேர் கூடாது. வளைந்த ஷீட்டைப் பழைய இரும்புக் கடைக்குப் போடவும் கூடாது. அதன் விலை க்ளெய்மில் கழிக்கப்படும், பொருள் கண்முன் இருந்தால்தான் சரியாகக் கழிக்கப்படும்.

‘அன்றைக்குப் புயலே இல்லையே’ என்ற கேள்வி வரக்கூடும். வானிலைத் துறையின் சிவாஜிநகர் அலுவலகம் சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அங்கிருந்து அன்றைய காற்றின் பதிவைக் கேட்டுப் பெறலாம். ஆனால் கோடை இடிமழைக் காற்று ஒரு பேட்டையில் கூரையைப் பிய்த்துவிட்டு அடுத்த பேட்டையைத் தொடாமல் போகும். எனவே அதே மாலை அக்கம்பக்கத்தில் மரம் விழுந்ததற்கான தீயணைப்புத் துறைப் பதிவு, சாட்சிகள் முன் எழுதப்பட்ட சேத அறிக்கையான பஞ்சநாமா, மறுநாள் செய்தித்தாள் ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள்.

2024-ல் ஆணையம் வகுத்த காலக்கெடுவின்படி, தகவல் தந்த 24 மணி நேரத்தில் சர்வேயர் ஒதுக்கப்பட வேண்டும். 15 நாளில் அறிக்கை. அறிக்கை வந்த 7 நாளில் முடிவு. சர்வேயரிடம் இரண்டு மூன்று ஒப்பந்தக்காரர்களின் விலைப்புள்ளியைக் கொடுங்கள். இடிபாடு அகற்றும் செலவையும் பொறியாளர் கட்டணத்தையும் கேட்க மறக்காதீர்கள். புதிய வடிவங்களில் முறையே க்ளெய்மில் 2 சதவீதம், 5 சதவீதம் வரை அவற்றுக்கு இடமுண்டு.

டிரஸ்ட் என்பதால் வரும் சிக்கல்கள்

மகாராஷ்டிரத்தில் தேவாலயங்கள் 1950-ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் வருகின்றன. நிர்வாகிகள் மாறினால் 90 நாளுக்குள் அறநிலைய ஆணையர் அலுவலகத்தில் மாற்ற அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். அது நிலுவையில் இருந்தால், க்ளெய்ம் படிவத்தில் கையெழுத்திடும் பொருளாளர் யார் என்ற கேள்வியிலேயே பணம் நிற்கும். க்ளெய்ம் வரும்வரை கடன் வாங்கிக் கூரை போடலாம் என்றால், அதே சட்டத்தின் 36-ஏ பிரிவுப்படி ஆணையரின் முன் அனுமதி வேண்டும்.

தொகையில் உடன்பாடு இல்லையென்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி. புணேயிலேயே காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது, 50 லட்சம் வரை விசாரிக்கும். ஆனால் அது தனிநபர், குழுக் காப்பீடுகள், தனி உரிமையாளர், குறுந்தொழில் பாலிசிகளுக்கானது. சபையின் பாலிசி அதில் அடங்குமா என்று முதலில் கேளுங்கள். நுகர்வோர் ஆணையத்திலும் ஒரு தடை இருக்கிறது. 1986 சட்டத்தின்கீழ் அறக்கட்டளை ‘நபர்’ ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் பிரதிபா பிரதிஷ்டான் வழக்கில் தீர்ப்பளித்தது. 2019 சட்டம் நபர் என்பதை விரிவாக வரையறுத்திருக்கிறது. சங்கமாகவும் பதிவு பெற்ற சபைகள் எந்தப் பெயரில் வழக்குத் தொடுப்பது என்பதை வழக்கறிஞரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். அவசரத்துக்கு ‘முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற ரசீதில் கையெழுத்திட்டிருந்தாலும், மேல்முறையீட்டு உரிமை அதனால் மட்டும் போய்விடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2015 சுற்றறிக்கை சொல்கிறது.

ஆக, ஆண்டுக்கொரு கமிட்டிக் கூட்டத்தை மார்ச் மாதத்தில், கோடைக் காற்று தொடங்குமுன், இதற்கென்றே ஒதுக்கலாம். நிகழ்ச்சி நிரலில் நான்கு வரி போதும்: பாலிசியில் புயல் தொகுதி இருக்கிறதா, தொகை இன்றைய கட்டுமானச் செலவுக்குச் சரியா, யார் பெயரில் இருக்கிறது, கூரை போல்ட்டை யார் எப்போது பார்த்தார்கள். பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால், சர்வேயர் வரும் நாளில் காட்ட சபையிடம் ஒரு நல்ல ஆவணம் இருக்கும்.