பலகையைத் தாங்கும் மரக்கீல்

18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வசதியானவர்கள் வீட்டிலும் மேசை எப்போதும் அறை நடுவே கிடக்காது. வேலை முடிந்ததும் இருபுறப் பலகைகளையும் மடக்கித் தொங்கவிட்டு, சுவரோரம் தள்ளிவிடுவார்கள். தாமஸ் சிப்பெண்டேல் 1754-இல் வெளியிட்ட வடிவமைப்பு நூலில் இவை காலை உணவு மேசைகளாக இடம்பெற்றன. பிற்பாடு பெம்புரோக் மேசை என்ற பெயர் நிலைத்தது. முதன்முதலில் இதைச் செய்யச் சொன்ன சீமாட்டியின் பெயர் அது என்று 1803-இல் தாமஸ் ஷெரட்டன் எழுதினார்.

தூக்கி விரித்த பலகையை எது தாங்குகிறது? மேசைக்கடியில் பக்கச்சட்டத்திலிருந்து வெளியே திரும்பும் ஒரு கைச்சட்டம். அது திரும்புவது, மரத்திலேயே விரல்களாக வெட்டிக் கோத்து, நடுவே அச்சுக்கம்பி செருகிய கீலில். தச்சரின் முழுத் திறமையையும் பார்க்க வேண்டுமானால் மேசைக்கடியில்தான் குனிய வேண்டும்.

பலகை மடியும் இடத்துக்கு மட்டும் உலோகக் கீல். காரணம், நார் ஓடும் திசை. பலகையின் நார் மடிப்புக்கோட்டுக்கு இணையாகப் போகிறது. அந்த விளிம்பில் விரல்களை வெட்டினால் நார் குறுக்கே அமைந்து, லேசான அடியிலேயே முறிந்துவிடும். சட்டத்திலோ நார் நீளவாக்கில் ஓடி, ஒவ்வொரு விரலின் நுனிவரை வருகிறது. அச்சுக்கம்பி அதற்குக் குறுக்காக, செங்குத்தாக இறங்குகிறது. எடையைச் சுமக்க மரத்துக்கு இதைவிட நல்ல நிலை கிடையாது.

சட்டத்தின் கனம் 25 மி.மீ. என்றால், முனையில் அதே விட்டத்துக்கு வட்டம் வரைந்து, கோடு வரை இழைத்து உருட்டுகிறார்கள். பிறகு ஒரு துண்டில் மூன்று விரல், மற்றதில் இரண்டு. கைவிரல்களைக் கோத்ததுபோல அவை பொருந்த வேண்டும். உருண்ட விரல் உரசாமல் சுழல, எதிர்ப்பள்ளத்தின் அடியைக் குழி உளியால் குடைகிறார்கள். உருட்டுக்குப் பின்னால் இரு துண்டுகளிலும் 45 பாகைச் சரிவு கொடுத்தால் கைச்சட்டம் 90 பாகை திரும்பும். கம்பிக்கான துளையை, இரண்டையும் கோத்து இறுக்கிய பிறகே போடுகிறார்கள். தனித்தனியாகத் துளைத்தால் நேர்கோடு தவறிவிடும்.

வேலையின் உயிர் இந்த இறுக்கத்தில் இருக்கிறது. 75 மி.மீ. உயரமும் 300 மி.மீ. நீளமும் உள்ள கைச்சட்டத்தில், கீல் அரை மி.மீ. தளர்ந்தாலே நுனி 2 மி.மீ. தொய்யும். மேலே பலகையும் சரியும்.

நாள்பட்டுத் துளை தேய்ந்தாலும் மேசை வீணாவதில்லை. பழைய கம்பியைத் தட்டி எடுத்து, துளையைச் சற்றே பெரிதாக்கி, பருத்த கம்பி ஒன்றைச் செருகினால் போதும். வெட்டிய விரல்கள் அப்படியே இருக்கும்.