வெயில் தேடும் துள்ளி

பூவுக்குப் பூ மெல்ல மிதந்து செல்வதுதான் வண்ணத்துப்பூச்சி என்று நினைக்கிறோம் அல்லவா? ‘துள்ளி’ இனத்தைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும். தடித்த உடல், குட்டை இறக்கை. கண் தொடருமுன் விருட்டென்று பாய்ந்துவிடும். பிறகு எப்படி அடையாளம் காண்பது?

பிரிட்டனின் அரிய துள்ளியான ‘செக்கர்டு ஸ்கிப்பரை’ எடுத்துக்கொள்வோம். பறக்க உதவும் தசைகள் சூடேறினால்தான் வேகமாக இயங்கும். ஆகவே மே மாதக் குளிர்ந்த காலையில், இலைமேல் இறக்கை விரித்து அது வெயில் காயும். அப்போது, நம் நிழல் அதன்மேல் விழாமல் நெருங்க வேண்டும். கரும்பழுப்பு இறக்கையில் பொன்மஞ்சள் கட்டங்கள், விரித்த அகலம் சுமார் 3 செ.மீ. என்றால், அதுவேதான்!

இங்கிலாந்தில் இது 1976இல் அற்றுப்போயிற்று. மரங்களை வெட்டி மீண்டும் தழையவிடும் பழைய வழக்கம் குறைந்ததால், காட்டுப்பாதைகளை நிழல் மூடிவிட்டது. வெயில் போயிற்று, துள்ளியும் போயிற்று. ஸ்காட்லாந்தின் மேற்கில் மட்டும் எஞ்சியது.

பாதைகளை அகலமாக்கி, 2018இல் பெல்ஜியத்திலிருந்து துள்ளிகளைக் கொண்டுவந்து நார்தாம்ப்டன்ஷயரின் ராக்கிங்ஹாம் காட்டில் விட்டார்கள். மறு ஆண்டே அங்குப் பிறந்த துள்ளிகள் பறந்தன!

நம் ஊர்ப் புல்வெளிகளிலும் வேறு துள்ளிகள் உண்டு. நாளைக் காலையே தேடிப் பாருங்களேன். உங்கள் நிழல் மட்டும் கவனம்!