ஓர் அலுவலும் இல்லாமல் கொழும்புக்கு ஒரு நாள்

சித்திரைப் புத்தாண்டையொட்டிப் பாடசாலைகளுக்கு விடுமுறை விட்டாயிற்று. முஸ்லிம் பாடசாலைகளின் விடுமுறை நோன்பையும் பெருநாளையும் ஒட்டி அமைவதால், அந்த நாட்கள் ஆண்டுக்காண்டு மாறும். எந்தப் பாடசாலையானாலும் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "உம்மா, எங்கயாவது போவமா?" "அம்மா, எங்கையாவது கூட்டிக்கொண்டு போங்கோ."

கல்பிட்டி, பாலாவி, நுரைச்சோலை, முந்தல், உடப்பு ஆகிய பகுதிகளில் வாழும் எமது வாசகிகள் பலருக்கு இந்தக் கேள்வியே ஒரு பாரம். அன்றாடச் செலவுக்கே வழி தேடும் வீட்டில் சுற்றுலாவுக்கு எங்கே போவது? இருந்தாலும் இந்த மாதம் ஒரு யோசனையை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். எந்த அலுவலும் இல்லாமல், பிள்ளைகளோடு ஒரேயொரு நாள் கொழும்புக்குப் போய் வாருங்கள்.

எமக்குத் தெரிந்த கொழும்பு

கொழும்பு எமக்குப் புதிய ஊர் அல்ல. ஆனால் நாம் எதற்காக அங்கு போயிருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். கடவுச்சீட்டு எடுக்க, வெளிநாட்டு வேலைக்கான பத்திரங்களைச் சரிபார்க்க, மஹரகம வைத்தியசாலையில் நோயாளியைக் காட்ட, காணாமற்போனவரைப் பற்றிய கடிதத்தைக் கொடுக்க. கையில் கோப்பு, இடுப்பில் பிள்ளை, நீண்ட வரிசை, அடுத்த பஸ்ஸில் வீடு. பல பிள்ளைகளுக்குக் கொழும்பு என்றால், தாய் விமானம் ஏறப் போன திசை மட்டுமே.

இந்த நகரத்தைக் கண்டு நாம் பயப்படுவதற்கும் காரணங்கள் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், பின்னர் வந்த தமிழ்க் குடும்பங்களும், அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவையும் கையில் பிடித்துக்கொண்டே கொழும்பில் நடமாடினார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதிய குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, முஸ்லிம் பெண்கள் தமது உடையின் காரணமாகவே பஸ் ஏறத் தயங்கிய மாதங்கள் இருந்தன. இவை எல்லாம் எமது மனதில் பதிந்தவை. அந்தப் பயத்தை நாம் சொல்லிக்கொடுக்காவிட்டாலும் பிள்ளைகள் எம்மைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். ஆகவே, நகரத்தை வேறு விதமாகவும் பார்க்கலாம் என்பதையும் எம்மைப் பார்த்தே அவர்கள் கற்றுக்கொள்ளட்டும்.

போகும் வழி

புத்தளத்திலிருந்து கொழும்புக்கு வீதி வழியாகச் சுமார் 130 கிலோமீற்றர். நாலாம் இலக்க பஸ் சிலாபம், நீர்கொழும்பு வழியாகப் புறக்கோட்டைக்குப் போகிறது. விடியுமுன் ஏறினால் காலையிலேயே இறங்கலாம். புத்தளத்துக்கு ரயில் பாதை 1926ஆம் ஆண்டு வந்தது. ரயில் பார்த்திராத பிள்ளைக்கு அந்தப் பயணமே பாதிச் சுற்றுலா. ஆனால் 2025 நவம்பரில் டித்வா புயலின்போது நாட்டின் ரயில் பாதைகள் பல இடங்களில் சேதமடைந்தன. எனவே எந்த ரயில் எது வரை ஓடுகிறது என்பதை முதல் நாளே நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாளையும் கவனமாகத் தெரிவு செய்யுங்கள். புத்தாண்டுக்கு முந்திய சில நாட்களில் பஸ்களில் கால் வைக்க இடமிருக்காது. ஏப்ரல் 13, 14 ஆகிய நாட்களில் கொழும்புக் கடைகள் பூட்டிக்கிடக்கும். அதற்கு முந்திய வாரமோ பிந்திய வாரமோதான் வசதி.

ஒரு நாளைக்கு இரண்டு மூன்று இடங்கள் போதும். எல்லாவற்றையும் பார்க்க ஓடினால் பிள்ளைகளுக்குக் களைப்புத்தான் மிஞ்சும். தெஹிவளை மிருகக்காட்சிசாலையைப் பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். ஆனால் அது நகரின் மறுபக்கம் இருப்பதால், அதற்கென்று இன்னொரு நாள் வேண்டும்.

காலையில் நூதனசாலை

வெயில் ஏறுமுன் தேசிய நூதனசாலைக்குப் போவது நல்லது. புறக்கோட்டையிலிருந்து 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, நகர மண்டபம் தாண்டி நூலகத்தடியில் இறக்கிவிடும்படி நடத்துநரிடம் சொல்லுங்கள். அங்கிருந்து நடக்கலாம்.

1877ஆம் ஆண்டு ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் திறக்கப்பட்ட இந்த வெள்ளைக் கட்டடத்தைக் கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரிக்கார் என்ற முஸ்லிம் ஒப்பந்தக்காரர். அவருக்கு என்ன பரிசு வேண்டும் என்று ஆளுநர் கேட்டாராம். பணமோ பதவியோ கேட்காமல், வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்க வேண்டும் என்று அவர் கேட்டதாக ஒரு கதை சொல்லப்படுகிறது. உள்ளே போகுமுன் வாசலில் நின்று இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கண்டி மன்னரின் முடியும் சிம்மாசனமும் இங்கே இருக்கின்றன. இவை 1934ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து திருப்பித் தரப்பட்டவை. பொலன்னறுவையில் மண்ணுக்குள் கிடந்து எடுக்கப்பட்ட சிவன் வெண்கலச் சிலைகளும் உள்ளன.

ஆனால் தவறாமல் தேடிப் பார்க்க வேண்டியது ஒரு கல். 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட இந்தக் கல்வெட்டு, முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுத்துகள் உள்ளன. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தென்னாவர நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயராலும் காணிக்கைகள் சொல்லப்படுகின்றன. 1911ஆம் ஆண்டு காலி நகரில் ஒரு வடிகாலை மூடிய கல்லாக இதைக் கண்டெடுத்தார்கள். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் மூன்று வணக்கங்களும் ஒரே கல்லில் பக்கம் பக்கமாக எழுதப்பட்டன என்பதை, எமது பிள்ளைகள் கண்ணால் பார்ப்பது எவ்வளவு நல்லது. தமிழ் எழுத்தையும் அரபு வடிவ எழுத்தையும் அவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

நண்பகலில் நிழல் இல்லாத விளையாட்டு

நூதனசாலைக்குப் பக்கத்திலேயே விகாரமகாதேவி பூங்கா. முன்பு விக்டோரியா பூங்கா என்று அழைக்கப்பட்டது. மர நிழலில் பாய் விரித்து, வீட்டிலிருந்து கட்டிவந்த சோற்றுப் பார்சலை அவிழ்க்கலாம்.

ஏப்ரல் 5ஆம் திகதி தொடக்கம் சுமார் பத்து நாட்களுக்குச் சூரியன் இலங்கையின் தெற்கிலிருந்து வடக்காக நேர் உச்சியில் வரும். கொழும்பில் முதல் வாரத்திலும், சில நாட்கள் கழித்துப் புத்தளத்திலும் இது நிகழும். நண்பகல் 12 மணி கழிந்து சில நிமிடங்களில் ஒரு குச்சியை நேராக நட்டுப் பாருங்கள். நிழல் குச்சியின் காலடிக்குள் ஒடுங்கிவிடும். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. கொழும்புக்குப் போக முடியாதவர்கள் வீட்டு முற்றத்திலேயே பிள்ளைகளோடு செய்யலாம். ஆனால் அந்த வெயிலில் அதிக நேரம் நிற்கவேண்டாம். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கட்டாயம்.

பூங்காவுக்கு அருகில் 1925இல் தொடங்கப்பட்ட கொழும்பு பொது நூலகம் இருக்கிறது. வாசிக்க விருப்பமுள்ள பிள்ளை இருந்தால், இவ்வளவு புத்தகங்கள் ஒரே இடத்தில் இருப்பதைக் காட்டுங்கள். வெளியாருக்கான அனுமதி விதிகளை வாசலில் கேட்டுக்கொள்ளலாம்.

மாலையில் காலிமுகத்திடல்

கடற்கரையிலேயே வாழும் எமக்குக் கடலில் என்ன புதினம் என்று நீங்கள் கேட்கலாம். எமது பிள்ளைகளுக்குக் கடல் என்றால் வலை, கருவாடு, இறால், உப்பு, அதிகாலை வேலை. வேலைக்காக அல்லாமல் வெறுமனே கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்களைக் காலிமுகத்திடலில் அவர்கள் பார்ப்பார்கள். பட்டம் விடுவார்கள், துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கப்பல்களை எண்ணுவார்கள், இறால் வடை கேட்பார்கள். எமது கரையிலிருந்து போகும் இறால் அங்கே வடையில் குந்தியிருப்பதைக் கண்டு சிரிப்பார்கள்.

இந்தத் திடலின் நடைபாதையை ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கினார். 1859இல் அது நிறைவுபெற்றது. அங்குள்ள நினைவுக் கல்லில், கொழும்பின் பெண்களினதும் சிறுவர்களினதும் நலனுக்காக இதைப் பேணும்படி, தமக்குப் பின் வரும் ஆளுநர்களிடம் அவர் கேட்டுக்கொண்ட செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. அன்று அவர் மனதில் இருந்தவர்கள் குதிரை வண்டியில் வந்த சீமாட்டிகளாக இருக்கலாம். இன்று அந்த வாசகம் எமக்கும் பொருந்தும். வாசற்கதவோ நுழைவுச்சீட்டோ இல்லாத இடம் அது.

2022 ஏப்ரலில் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் இதே திடலில் கூடிப் போராடினார்கள். அதே ஆண்டு மே 18ஆம் திகதி, முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைத்து இங்கே கஞ்சி வழங்கப்பட்டது. பல ஆண்டுகள் வீட்டுக்குள்ளேயே அழுதவர்களின் துக்கத்துக்கு, தலைநகரின் நடுவில் ஒரு மாலை நேரமாவது இடம் கிடைத்தது. வளர்ந்த பிள்ளைகளுக்கு இதையும் சொல்லலாம்.

ஏப்ரல் மாதத்தில் பின்னேரங்களில் இடி மின்னலோடு மழை வருவது வழக்கம். வானம் கறுத்தால் வெட்டவெளியில் நிற்காமல் உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள். அலை பலமான இடம் என்பதால் பிள்ளைகளைக் கடலில் இறங்க விடவேண்டாம்.

பஸ் ஏறும் முன்

திரும்பும் வழியில் புறக்கோட்டையில் சற்று நேரம் இருந்தால், சிவப்பும் வெள்ளையுமாக மாதுளை முத்துகள் போல் எழும்பி நிற்கும் ஜாமியுல் அல்பார் பள்ளிவாசலை வீதியிலிருந்தே காட்டலாம். 1909இல் கட்டி முடிக்கப்பட்டது. செட்டியார் தெருவில் கதிரேசன் கோயில்கள் உள்ளன. அப்பால் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம். தலவில அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகும் எமது பகுதி மக்களுக்கு அந்தோனியாரையும் நன்கு தெரியும். 2019இல் குண்டுவெடிப்பில் சேதமடைந்த அந்த ஆலயம் அதே ஆண்டு ஜூன் மாதம் மீண்டும் திறக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தவர்களும் அங்கு வரிசையில் நிற்பதைக் காணலாம்.

செலவும் பாதுகாப்பும்

தனியே போவதைவிட ஐந்தாறு தாய்மார் சேர்ந்து போவது சிறந்தது. மாதர் சங்கத்தில் வாராவாரம் ஒரு சிறு தொகையை இதற்கென்று தனியாகச் சேர்க்கலாம். சீட்டுப் பிடித்துப் பழகிய எமக்கு இது பெரிய காரியமல்ல. பஸ் கட்டணம், நூதனசாலை நுழைவு, நகருக்குள் போக்குவரத்து, ஆளுக்கொரு தேநீர், அவசரத்துக்கு ஒரு தொகை என்று ஐந்து தலைப்பில் கணக்கு எழுதுங்கள். வர முடியாத தாயின் பிள்ளையையும் மற்றவர்கள் கூட்டிப்போகலாம்.

ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும் தாயின் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிய துண்டை வையுங்கள். தவறிப்போனால் எங்கே நிற்பது என்பதை ஒவ்வோர் இடத்திலும் முதலிலேயே காட்டிவிடுங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். மலசலகூட வசதி எல்லா இடத்திலும் இருக்காது. நூதனசாலையில் இருந்து புறப்படுமுன் எல்லோரையும் அனுப்பிவிடுங்கள். சிங்களம் தெரியாதே என்று கூச்சப்படவேண்டாம். பல பெயர்ப்பலகைகளில் தமிழ் இருக்கிறது, புறக்கோட்டைக் கடைகளில் தமிழ் பேசுவோர் நிறைய. பாடசாலையில் சிங்களம் படிக்கும் மூத்த பிள்ளையிடம் வழி கேட்கும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். அன்று மாலைக்குள் அந்தப் பிள்ளை ஒரு சாண் உயர்ந்திருக்கும்.

ஊர் என்ன சொல்லும்?

பணத்தைவிடப் பெரிய தடை இதுதான். வைத்தியசாலைக்கோ கச்சேரிக்கோ போகும் பெண்ணை யாரும் கேள்வி கேட்பதில்லை. கணவன் இல்லாத பெண் பிள்ளைகளோடு பூங்காவுக்குப் போனால், "இவளுக்கு இப்ப ஊர் சுற்றல் கேட்குதோ" என்ற பேச்சு வரும். துன்பப்பட்ட பெண் எப்போதும் துன்பத்தோடேயே காணப்பட வேண்டும் என்று சமூகம் எதிர்பார்க்கிறது. நாமும் மெல்ல மெல்ல அதை நம்பத் தொடங்கிவிடுகிறோம். சிரித்தால் இறந்தவருக்குத் துரோகம், காணாமற்போனவரை மறந்ததாகிவிடும் என்று நாமே எமக்குத் தடை போட்டுக்கொள்கிறோம்.

ஓய்வும் விளையாட்டும் பிள்ளைகளின் உரிமை என்று சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை கூறுகிறது. இலங்கை 1991இல் அதை ஏற்றுக்கொண்டது. அந்த உரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்கத் தாயும் வீட்டைவிட்டு வெளியே வரவேண்டும். தாய் ஒரு மணித்தியாலம் புல்லில் கால் நீட்டி அமர்ந்திருப்பதை இதுவரை கண்டிராத பிள்ளைகள் எமது கிராமங்களில் இருக்கிறார்கள்.

துக்கம் ஒரு நாள் பயணத்தில் தீர்ந்துவிடாது. மறுநாள் காலையில் கிணற்றடியும் கடன் கொப்பியும் அப்படியே இருக்கும். ஆனால் அடுத்த முறை நீங்கள் கோப்போடு கொழும்புக்குப் போக நேர்ந்தால், எந்த பஸ் எங்கே நிற்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிள்ளை கேட்கும் கேள்வியும் மாறியிருக்கும். "எப்ப திரும்பி வருவீங்க?" என்பதோடு, "அந்தக் கல்லுக்கிட்ட மறுபடியும் போவமா?" என்றும் அது கேட்கும்.

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள். முதலில் திகதியைக் குறியுங்கள், சகோதரிகளே.